பழுக்க விடாத வெள்ளரி

மலாயா விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தபோது, மலாக்கா காஜா பெராங்கில் ஒரு வெள்ளரிக்கொடி ருக்மணியின் இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. பிறகு மூன்று வருடம் விடவில்லை. பிடித்தது நல்ல வெயில் நேரத்தில், நாலு பேர் பார்க்க. அதனால் பேய், பிசாசு என்று கதை கட்ட யாருக்கும் வழியில்லாமல் போயிற்று.

ருக்மணிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அண்ணி காலமானதிலிருந்து அண்ணன் தேவதாசுக்குச் சமைத்துப் போட்டே அவள் காலம் ஓடியிருந்தது. மூவாரில் தையல்கடை வைத்திருந்த சிநேகிதி விஜயா, அவளுக்கென்று ஒரு மெஷினை ஒதுக்கி வைத்து, வாடி வாடி என்று ஆள்மேல் ஆள் அனுப்பினாள். ஒருவழியாக டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்த அன்று, போவதற்கு முன் செடிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றலாமே என்று கொல்லைக்குப் போனாள். பாவம் பார்த்ததுதான் தப்பு. பந்தலிலிருந்து ஒரு பற்றுச்சுருள் இறங்கி வந்து, கொலுசு பூட்டுவதுபோல் நிதானமாகக் காலைச் சுற்றியது.

தேவதாஸ் பாராங் கத்தியை எடுத்து வந்து கொடியில் ஒரு போடு போட்டார். கொடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ருக்மணி மூச்சு நின்று சாய்ந்தாள். வெட்டிய இடம் ஒட்டிக்கொண்ட பிறகுதான் கண் திறந்தாள். அப்புறம் யாரும் கத்தி எடுக்கவில்லை. பூசாரி வந்து திருநீறு போட்டார். மலாய் மந்திரவாதி போமோ வந்து கோப்பி குடித்துவிட்டு, செடி நல்ல செடி என்று சொல்லிவிட்டுப் போனார். கொடி அவளை அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போகவிட்டது. வாசல் கேட்டுக்கு மட்டும் எட்டாது. தேவதாஸ் தங்கைக்காக வருந்தினார். ஆனால் வேளைக்குச் சோறு வந்ததால் அந்த வருத்தம் அவருக்கு அப்படியொன்றும் கனக்கவில்லை.

விதை கொடுத்தவள் அடுத்த வீட்டு ரஹீமா. அவளுடைய உம்மா வழியில், நாலு தலைமுறையாகச் சாம்பலில் புரட்டிக் காப்பாற்றி வந்த விதை. அவள்தான் சூட்சுமத்தைச் சொன்னாள். "பிஞ்சா பறிக்கப் பறிக்கக் காய்ச்சுக்கிட்டே இருக்கும் ருக்கு. ஒரே ஒரு காய் பழுத்து விதை கட்டிருச்சுன்னா, தன் வேலை முடிஞ்சதுன்னு கொடி செத்துரும். உன்னையும் விட்டுரும்."

அடேயப்பா, ஒரு காய்! அது என்ன பெரிய காரியம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்தக் காய் அப்படி ஒரு காய். தோல் சீவ வேண்டாம், காம்பிலும் கசப்பில்லை, வட்ட வட்டமாக நறுக்கி உப்புத் தொட்டால் வாயில் கிணற்றுத் தண்ணீர் ஊறும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தெருவே வந்து பறித்தது. கல்யாண வீட்டுப் பச்சடிக்கு ஒருவர், ரோஜாக் என்னும் காய்க்கலவை விற்கும் கடைக்கு ஒருவர். ருக்மணி துணி கட்டி அடையாளம் வைத்த காயை அண்ணனே பறித்துத் தின்றார்.

"ஏண்ணே, இத விடச் சொன்னேன்ல?"

"அடுத்தத விட்டுடலாம்லா. இப்ப என்ன அவசரம் உனக்கு?"

நோன்புப் பெருநாளில் ரஹீமாகூட அச்சாருக்கென்று ஒன்றைப் பறித்தாள். பறித்துவிட்டு அழுதாள், ஆனால் அச்சார் போட்டாள். மெர்டேக்கா அன்று, நாடு விடுதலை பெற்ற நாளில், தெரு முழுவதும் திடலுக்குப் போயிருந்தது. தூரத்து ஆரவாரத்தைக் கிணற்றடியில் நின்று கேட்ட ருக்மணி, தானும் ஒரு தடவை "மெர்டேக்கா" என்று கத்திப் பார்த்தாள். கொடி இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது. அன்று அவள் அழுத அழுகையைக் கேட்க ஆளில்லை.

மூன்றாம் வருடம், கணுக்காலுக்குப் பக்கத்திலேயே ஒரு பூ பூத்துப் பிஞ்சு விட்டது. ருக்மணி சேலைக் கொசுவத்தை அதன்மேல் இறக்கிவிட்டாள். எந்த ஆம்பிளையும் அங்கே பார்க்க மாட்டான், எந்தப் பெண்ணும் கேட்க மாட்டாள். காய் பருக்கப் பருக்க, அதை இழுத்துக்கொண்டே சமைத்தாள், துவைத்தாள்.

"ஏன் நொண்டுற?" என்றார் தேவதாஸ்.

"காலு வீக்கம்ணே."

காய் மஞ்சளாகி, பழுப்பேறி, தோல் பாளம் பாளமாக வெடித்தது. பந்தலில் இலைகள் சுருண்டன. ஒருநாள் காலை பற்றுச்சுருள் தானாகத் தளர்ந்து தரையில் விழுந்தது. கொடி செத்த சேதி பரவி, விதைக்கென்று ஆளுக்கொரு டின்னோடு தெரு வந்து சேர்ந்தபோது, ருக்மணி அடுப்படிப் படியில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விதையாச்சும் எடுத்து வச்சியா?" என்றார் அண்ணன்.

"தின்னுட்டேன்."

"அத்தனையுமா?"

"அத்தனையும். ஒரே புளிப்பு."

"எங்க உம்மா வீட்டு விதைடி அது," என்றாள் ரஹீமா.

"தெரியும்க்கா."

ரஹீமா டின்னைக் கீழே வைத்தாள். பிறகு டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மறுபக்கத்தை ருக்மணி தூக்கினாள். கேட்டைத் தாண்டி இருவரும் மூவார் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். அந்த வாரத்திலிருந்து தெருக்காரர்கள் வெள்ளரிக்காயைப் பாசாரில் காசு கொடுத்து வாங்கினார்கள். காம்புப் பக்கம் கசக்கிறது என்று சொல்லிக்கொண்டே தின்றார்கள்.