ஏணி வழுக்கியதாக எழுதிய நாள்

ஸ்டுடியோக்காரர் என்றுதான் கட்டிட வேலையில் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு போட்டோக் கடை ஈ ஓட்டியது. கடையை இழுத்து மூடிய வாரம், வெளிநாட்டிலிருந்த மைத்துனன் போன் செய்தான்.

"இங்க எலக்ட்ரீஷியனுக்குத்தான் ஆள் தேடுறாங்க மச்சான். குடும்பத்தோடவே வரலாம். போட்டோ பிடிக்கிறவங்களை யாரும் கேக்கல."

மீசை நரைக்கிற வயதில், மகன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வருடம் வயரிங் படித்தார். பிறகு ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தார். மூன்று வருடம் வேலை செய்ததற்கு, நாள்வாரியாக எழுதிக் காண்ட்ராக்டர் கையெழுத்திட்ட பதிவேடு இருந்தால்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். இரண்டு வருடம் பத்து மாதம் முடிந்திருந்தது. ஊரைவிட்டுப் போகப்போவதாக அவருடைய மனைவி மகளின் பள்ளியில்கூட மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மூன்றாவது மாடியில் வேலை. பெயின்டர் ஏணியில் நின்றபடி, கூரையில் தொங்கிய வயரைக் காட்டிக் கேட்டார்.

"இதுல கரண்ட் இல்லையே?"

ஸ்டுடியோக்காரர் அந்த அறைக்கான சுவிட்சை அணைத்திருந்தார். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் தரைத்தளத்தில், பையில் கிடந்தது. இதற்காக மூன்று மாடி இறங்கி ஏற வேண்டுமா என்று தோன்றியது.

"ஆஃப் பண்ணியாச்சு. தாராளமா தொடுங்க."

அந்த ஒரு வயருக்கு மட்டும் பக்கத்து அறையிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருந்தது. ஈரக் கையோடு அதை ஒதுக்கிவிட்ட பெயின்டர், ஷாக் அடித்து, பெயின்ட் வாளியோடு சேர்ந்து தரையில் வந்து விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

சாயங்காலம் காண்ட்ராக்டர் பதிவேட்டை ஸ்டுடியோக்காரர் முன்னால் தள்ளினார்.

"ஏணி வழுக்கிடுச்சுன்னு எழுது. ரெண்டே மாசம்தான் பாக்கி. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

எழுதினார். காண்ட்ராக்டர் கீழே கையெழுத்திட்டார்.

வீட்டில், நடந்ததைச் சொன்னதும் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். "டெஸ்டர் வச்சுப் பாத்தீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மூன்று வாரம் எப்போதும்போல வேலைக்குப் போய்வந்தார். நான்காவது வாரம் பெயின்டர் வீட்டுக்குப் போனார். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு பெயின்டர் இடது கையால் சட்டைப் பொத்தான் போட முயன்றுகொண்டிருந்தார்.

"எம்மேலதான் தப்பு. ஈரக் கையோட தொட்டிருக்கக் கூடாது," என்றார் பெயின்டர், ஆறுதல் சொல்கிறவர் போல.

"இல்ல. நான் சோதிச்சுப் பாக்காமலே சொல்லிட்டேன்."

பெயின்டரின் விரல் பொத்தானிலேயே நின்றது.

"ஏணியில வழுக்கினா என் கவனக்குறைவாம். இன்சூரன்ஸ் கிடையாதுன்னுட்டாங்க. நீங்க பாட்டுக்கு எங்கிட்ட பாரத்தை இறக்கி வச்சுட்டு விமானம் ஏறிடுவீங்க. நான் இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"என்ன பண்ணணும், சொல்லுங்க."

"அதை எங்கிட்டயா கேக்குறீங்க?"

மறுநாள் ஸ்டுடியோக்காரர் பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, நடந்ததை எழுதினார். அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இன்சூரன்ஸ் அலுவலகத்திலும் கொடுத்தார். காண்ட்ராக்டர் கத்தவில்லை. இதுவரை கையெழுத்திட்ட பக்கங்களையெல்லாம் கொத்தாகக் கிழித்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"நீ இங்க வேலையே பாக்கல. யார் கேட்டாலும் அதான் சொல்லுவேன்."

பெயின்டரின் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்டது. கை பழையபடி மடங்குமா என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. மைத்துனன் போன் செய்வதை நிறுத்திக்கொண்டான். வேறு இரண்டு காண்ட்ராக்டர்கள் கதையைக் கேட்டதும் கையை விரித்தார்கள். மூன்றாமவர், மூன்று வருடக் கணக்கை முதல் நாளிலிருந்து தொடங்குவதானால் வரச் சொன்னார்.

அதைச் சொன்னபோது மனைவி மகளின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள விண்ணப்பிக்கணும். உங்களுக்கு இப்ப நாப்பத்தொண்ணு. மூணு வருஷம் போனாலும் தாண்டாது, கணக்குப் பாத்துட்டேன்," என்றாள். பிறகு சேர்த்துச் சொன்னாள். "அதுக்காக எனக்குக் கோபம் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க."

"எதுக்குக் கோபம்? எழுதினதுக்கா, அடிச்சதுக்கா?"

"அன்னைக்கு மாடி இறங்காததுக்கு."

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.