முப்பதடி ரோடு

தோத்தாத்ரியின் மனையில் ஒரே ஒரு குறைதான். அது தங்கை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. இரும்புலியூரில் அப்பா வாங்கிப்போட்ட இடத்தைப் பாகம் பிரித்தபோது முன்பாதி கல்யாணமாகாத கனகவல்லிக்கும், பின்பாதி அவருக்கும் வந்தது. பின்வீட்டுக்குப் போய்வர ஓரமாக ஒரு சந்து. சைக்கிளும் ஸ்கூட்டரும் போய்க்கொண்டிருந்த வரை அந்தச் சந்து யாரையும் உறுத்தவில்லை. 2006 வாக்கில், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்ப ஆரம்பித்த பிறகு அவருக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

துரைராஜ் முன்பு தாம்பரத்தில் சிமெண்டுக் கடை வைத்திருந்தவர், இப்போது அடுக்குமாடி கட்டி விற்கிற புரமோட்டர். மனையைச் சுற்றி வந்து, சந்தின் வாயில் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"எடம் தங்கம் சார். ஆனா இந்தச் சந்த வச்சுகினு மூணு மாடிக்கு பிளான் பர்மிஷன் கேட்டா ஆபீஸ்ல சிரிப்பாங்க. முப்பதடி ரோடு காட்டணும். உங்க சிஸ்டர் அவங்க பக்கத்துல கொஞ்சம் வுட்டு, நகராட்சிக்குத் தானமா எழுதிக் குடுத்துட்டாங்கன்னா மேட்டர் முடிஞ்சுது."

"எனக்கு எழுதிக் கொடுத்தா போறாதோ?"

"உங்களுக்குக் குடுத்தா அது உங்க வூட்டு வாசல் சார். நகராட்சிக்குக் குடுத்தாதான் ரோடு."

கனகவல்லி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் தேய்ந்து, கோயில் படிகளைக் கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டு வருகிறவள். தோத்தாத்ரி அவளிடம் சுற்றிவளைக்காமல் கேட்டார். மனைக்கு ஈடாகத் தனக்கு வரும் ஃபிளாட்டுகளில் ஒன்று, அதுவும் தரைத்தளத்தில், அவளுக்கு என்றார். "ஒரு படி ஏற வேண்டாம். வாசல்லேர்ந்து நேரா உள்ளே."

அதையும் எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று துரைராஜ்தான் சொன்னார். கனகவல்லி சிரித்துவிட்டாள். "அண்ணாவுக்கும் எனக்கும் நடுவுல பத்திரமா? அப்புறம் மன்னி காபி கொடுக்கறதுக்கும் கையெழுத்து கேப்பேளா?"

பத்திரப் பதிவு அன்று அவளும் தோத்தாத்ரியின் மனைவி சாவித்ரியும் ஆட்டோவில் முன்னால் போனார்கள். துரைராஜின் வண்டியில் தோத்தாத்ரி. ரயில்வே கேட்டருகே நெரிசலில் வண்டி நின்றபோது துரைராஜ் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"பிளான் ஃபைனல் ஆயிடுச்சு சார். கீழ முழுக்க கார் பார்க்கிங். வூடு மொத மாடிலேர்ந்துதான்."

"தங்கைக்குக் கீழ் வீடுன்னு சொல்லியிருக்கேனே."

"கீழ வூடு காட்டினா அதுவும் ஒரு மாடி கணக்கு, மேல ஒண்ணு பூடும். உங்க பங்குல ஒரு ஃபிளாட் அவுட்டு. உங்க இஷ்டம். இன்னொண்ணு, இந்த எடம் போச்சுன்னா அவங்க மனை ஒல்லியா பூடும். ரூல்படி சுத்தி எடம் வுட்டா புதுசா கட்டறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதையும் நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா வியாபாரம், நீங்க சொன்னா குடும்பம். இன்னா சார், வண்டியத் திருப்பட்டா?"

தோத்தாத்ரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. அவர் திருப்பச் சொல்லவில்லை.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தானே கொடுக்கிறீர்கள் என்று பதிவாளர் கேட்டபோது, "அண்ணா கேட்டார், கொடுக்கறேன்" என்றாள் கனகவல்லி. பதிவாளர் எழுதிக்கொள்ள அந்தப் பதிலின் இரண்டாவது பாதி போதுமாக இருந்தது. கையெழுத்தும் ரேகையும் முடிந்து வராந்தாவுக்கு வந்ததும், பையிலிருந்து வெற்றிலை பாக்கையும் சின்ன வெள்ளிச் செம்பையும் எடுத்தாள். தானம் என்றால் ஜலம் விட்டுக் கொடுக்க வேண்டாமா?

"நகராட்சிக்குக் கை கெடையாதே அக்கா" என்றார் துரைராஜ். பத்திரம் எழுதுகிறவர்கள் சிரித்தார்கள்.

"அண்ணா வாங்கிக்கட்டும். அவருக்காகத்தானே."

தோத்தாத்ரி சாவித்ரியைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளும்படி சாவித்ரி கண்ணைக் காட்டினாள். அவர் கையை நீட்டினார். தங்கை விட்ட தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து சிமெண்டுத் தரையில் சொட்டியது. எல்லோரும் இருக்கிறார்கள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அனுமதி கிடைத்தது. கனகவல்லியின் காம்பவுண்டுச் சுவரை இடித்து, அவளுடைய ஜன்னலை ஒட்டி ரோடு போட்டார்கள். அதன் முனையில் துரைராஜ் கட்டடத்தின் படத்தோடு பெரிய போர்டு வைத்தார். படத்தில் கீழே தூண்கள், தூண்களுக்கு நடுவே சிவப்புக் கார்கள்.

அடுத்த வாரம் தோத்தாத்ரி அவள் வீட்டுக்கு வந்தார். மீதி மனையையும் தானே வாங்கிக்கொள்வதாகத் துரைராஜ் சொல்லியிருந்தார். இனி வேறு யாருக்கும் உதவாத இடம் என்பதால் விலை குறைவுதான். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். கனகவல்லி முந்திக்கொண்டாள்.

"போர்டுல கீழ் வீட்டைக் காணோமே அண்ணா."

"துரைராஜ் கடைசி நேரத்துல மாத்திட்டான். நான் எவ்வளவோ சொன்னேன். மொதல் மாடியில..."

"அவன்கிட்ட கேட்டேன். பத்திரத்துக்குப் போறப்பவே வண்டியில சார்கிட்ட சொல்லிட்டேம்மான்னான். என் மனை ஒண்ணுத்துக்கும் ஆகாதுங்கறதும் அப்பவே உனக்குத் தெரியுமாம்."

தோத்தாத்ரி நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன்" என்றாள். குரல் உயரவில்லை. "நெஜமாத்தான். மாடி வீடு எனக்கு வேண்டாம், நீ நன்னா இருன்னு கொடுத்திருப்பேன். கொடுத்தேன்னு ஒரு திருப்தியாவது எனக்கு இருந்திருக்கும். அதையும் சேர்த்து எடுத்துண்டுட்டே."

வந்த காரியத்தை விட மனமில்லாமல் அவர் துரைராஜின் விலையைச் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கியது.

கனகவல்லி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். கோபம் இல்லை, வகுப்பில் பதில் தெரிந்தும் தப்பாக எழுதிய பிள்ளையைப் பார்ப்பதுபோல. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். காபி வரும் என்று அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்பதாக இல்லை.

வெளியே வந்தார். ரோட்டின் மறுபக்கம் முழுக்க ஜல்லியும் செங்கல்லும் குவிந்திருக்க, மிச்ச இடத்தில் மணல் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. "யோவ் பெருசு, ஓரம் போ!" என்று கிளீனர் கத்தினான். ஒதுங்க வேறு இடமில்லாமல், தங்கை வீட்டுச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார் தோத்தாத்ரி.