மச்சானும் மெமரியும்

நான் முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிறேன். இதில் பயணிகள் இல்லை, கண்டக்டர் விசில் இல்லை. மற்றபடி அதே வேலைதான்.

எங்கள் தெருவில் அறுபது தாண்டியவர்களுக்கென்று ஒரு கேம் அணி உண்டு. கேப்டன் பதவிக்கு இருவர் போட்டி: நானும், என் மனைவியின் தம்பியும். மச்சான் ரயில் ஓட்டியவன். வாழ்நாளில் ஒரு திருப்பத்தில்கூட அவனாக வண்டியைத் திருப்பியதில்லை. அப்படிப்பட்டவனிடம் பயிற்சி ஆட்டத்தில் போன இரண்டு வாரமும் மயிரிழையில் தோற்றேன். அடுத்த ஞாயிறு ஜெயிப்பவர்தான் கேப்டன்.

கோளாறு என்னிடம் இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே அது கம்ப்யூட்டரின் மெமரியில்தான் இருந்தாக வேண்டும்.

கம்ப்யூட்டர் கடைக்காரம்மா பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஐயா, திணறுறது உங்க கிராபிக்ஸ் கார்டு. வேகமான மெமரி போட்டா, திரையில நொடிக்குத் தொண்ணூறு படம் ஓடுற இடத்துல தொண்ணூத்தி மூணு ஓடும். அவ்வளவுதான்."

"மயிரிழைக்கு மூணு படம் ஏராளம்மா. மாட்டுங்க."

மாட்டினார். "இருங்க, செட்டிங்ல வேகத்தை..." என்று அவர் ஆரம்பித்தபோது நான் பெட்டியோடு வாசலைத் தாண்டிவிட்டேன்.

அந்த மெமரியின் வேகத்தைக் கண்ணால் கண்டவன் சொல்கிறேன். ஸ்டியரிங்கைத் திருப்பலாமா என்று நான் யோசிக்கும்போதே கார் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முதல் ஆளாக எல்லைக்கோட்டைத் தாண்டி, காரை நிறுத்தி, ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்து முடித்த பிறகுதான் என் எஞ்சின் சத்தம் வந்து சேர்ந்தது.

"செல்லாது அத்தான்!" என்று மச்சான் எழுந்தான். "ஜெயிச்சது நீங்க இல்ல, உங்க மெமரி. அதையே கேப்டனா வச்சுக்கலாம்!"

அணி மொத்தமும் தலையாட்டியது. என் மனைவியும் ஆட்டினாள். "அவன் சொல்றதுல என்ன தப்பு? வாரம் பூரா மெமரி மெமரின்னு நீங்கதானே பீத்திக்கிட்டீங்க?"

பஞ்சாயத்துக்குக் கடைக்காரம்மாவையே கூட்டிவந்தார்கள். கூடத்தில் எல்லோரும் சூழ்ந்து நிற்க, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு செட்டிங்கைப் பார்த்தார்.

"மெமரி புதுசுதான். ஆனா பழைய வேகத்துலதான் ஓடியிருக்கு. மாட்டினதும் இங்க வேகத்தை ஏத்தி விடணும். ஐயா அதுக்குள்ள தூக்கிட்டு ஓடிட்டார்."

என் பஸ்ஸில், வண்டியை அளவுக்கு மேல் ஓடவிடாத வேகப்பூட்டு உண்டு. அதைப் பார்க்காமல் ஒருநாளும் வண்டி எடுத்ததில்லை. அப்பேர்ப்பட்ட நான்தான் இதைக் கோட்டை விட்டேன்.

"அப்ப கார் தானா திரும்பினது எப்படி அத்தான்?"

கூடமே சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"ஆமாப்பா, நான் மடையன்தான். பழைய வேகத்துலயே உன்னை ஜெயிச்ச மடையன்."

இப்போது சிரிப்பு மச்சான் பக்கம் திரும்பியது.

"இப்ப வேகத்தை ஏத்துங்கம்மா," என்றேன். "கேப்டன் இன்னொரு ஆட்டம் ஆடணும்."

மச்சான் செருப்பைத் தேடினான். என் மனைவி தம்பியின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். மறுபடியும் நான்தான் ஜெயித்தேன்.

"உண்மையைச் சொல்லுங்க ஐயா," என்றார் கடைக்காரம்மா. "வித்தியாசம் ஏதாவது தெரிஞ்சுதா?"

"ரோட்டுல ஒண்ணும் தெரியலம்மா. பின்பக்கக் கண்ணாடியில மச்சான் வண்டிதான் கொஞ்சம் தெளிவாத் தெரிஞ்சுது."