வைத்தியின் நாலாவது கடைசி ஞாயிறு

1

இந்தக் கதை எனக்கு டாலிகஞ்சில் ஒரு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் மடியில் ஹெட்போன் பெட்டியை வைத்துக்கொண்டு போனில் தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தார்: “அதெல்லாம் சும்மா கடைசி, மஹிமா. இதுதான் நிஜக் கடைசி.” மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கல்கத்தா ஆட்டோவில் தமிழ் கேட்டால் நான் விடுகிற ஆளில்லை. இறங்குவதற்குள் பாதிக் கதையை வாங்கிவிட்டேன். மீதிப் பாதியை நான்தான் செய்ய வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

சிக்கல் சின்னதுதான். ஒரு மனிதர் ஓரிடத்திலிருந்து மூன்று முறை விடைபெற்றுவிட்டார். மூன்று முறையும் போக முடியவில்லை. யாரும் அவரைப் பூட்டி வைக்கவும் இல்லை. பிறகு ஏன்?

2

முதல் வரைவு: “விளக்குகள் சுழன்றன. இசை இடித்தது. வைத்தீஸ்வரனின் கண்களில் நீர் திரண்டு—”

(அடித்துவிட்டேன். எந்த விளக்கும் சுழலவில்லை. அது ஞாயிறு மதியம் இரண்டரை மணி, நல்ல வெயில்.)

இரண்டாம் வரைவு: வைத்தீஸ்வரனுக்கு வயது நாற்பத்தாறு, வீடு பெஹாலாவில். அலிப்பூரில் ஒரு பழைய கிளப்பில் பதினான்கு வருடமாக ஞாயிறுதோறும் சாப்பாட்டுக்குப் பின் இரண்டரையிலிருந்து ஐந்து வரை டிஜே. நோட்டீஸ் பலகையில் ‘டிஜே வைட்டி’. ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் மாற்றியாகிவிட்டது. புது முழங்காலை வீணாக்கக் கூடாது என்றே வருகிறார்கள். மனைவி மஹிமா வங்கி அதிகாரி. எட்டு மாதம் முன்பு விசாகப்பட்டினத்துக்கு மாற்றலானது. “நீ முன்னாடி போ, ஞாயித்துக்கிழமை ப்ரோக்ராமை முடிச்சுட்டு வந்துடறேன்” என்று ரயிலேற்றிவிட்டார். எட்டு மாதமாக அது முடியவில்லை.

இந்தத் தொடக்கத்தில் அழகில்லை, விவரம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

3

டிஜே என்பவர் பட்டனைத் தட்டுகிறவர் என்று நானும் நினைத்திருந்தேன். வைத்தி ஆட்டோவிலேயே எனக்குப் பாடம் எடுத்தார். ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததை ஹெட்போனில் தனியாகக் கேட்பார். அதன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ முதல் பாட்டின் வேகத்துக்குக் கொண்டுவருவார். இரண்டின் தாளமும் ஒரே இடத்தில் விழும்போது, பழைய பாட்டின் கும்கும் என்கிற பேஸை இறக்கிக்கொண்டே புதியதன் பேஸை ஏற்றுவார். காலுக்குத் தெரியாமல் பாட்டு மாறிவிடும். ஒரு நொடிகூட மௌனம் வராது. தொழிலே அதுதான்.

ஆக, மௌனத்தைத் தள்ளிவைப்பதையே பதினான்கு வருடம் பழகிய மனிதர், கடைசியில் ஒரே ஒரு மௌனத்தை உண்டாக்க வேண்டும். அதுதான் வரவில்லை.

முதல் விடைபெறலில் சத்தத்தை மெதுவாக, ஒரு நிமிடம் எடுத்துக் குறைத்தார். பாட்டு தேயத் தேயக் கூட்டம் அந்த இடத்தை நிரப்பிப் பாடியது, பிறகு “ஆர் ஏக்டா!” என்று கத்தியது. இன்னும் ஒன்று. கல்கத்தாவில் அந்தக் குரலுக்கு ‘இல்லை’ என்று சொன்னவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

இரண்டாவதில் படக்கென்று நிறுத்தினார். உறுப்பினர்கள் எழுபதுகளின் மின்வெட்டில் வளர்ந்தவர்கள். கரண்ட் போயிற்று என்று முடிவுசெய்து, நின்ற இடத்திலேயே நின்று, கைக்குட்டையால் விசிறிக்கொண்டு அரட்டை அடித்தார்கள். நாலு நிமிடம் தாங்கிப் பார்த்துவிட்டு வைத்தியே பாட்டைப் போட்டார். கரண்ட் வந்ததற்கான கைதட்டல் கிடைத்தது.

மூன்றாவதில் சோகமான ஒரு பழைய வங்காளப் பாட்டு. அழுதுகொண்டே கலைவார்கள் என்று கணக்கு. வங்காளிகளிடம் சோகப் பாட்டைக் கொடுத்துக் கலையச் சொல்வது என்ன கணக்கோ! எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ ஹார்மோனியம் கொண்டுவந்தார்கள். அது ஓய்ந்ததும் மறுபடி “ஆர் ஏக்டா!”

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: முதல் முறை கிளப் அவருக்குச் சால்வை போர்த்தியது. மூன்றாம் முறை, “அந்தச் சால்வையையே கொண்டுவாங்க, எப்படியும் திரும்பி வருவீங்க” என்று சொல்லிவிட்டார்கள்.)

4

சரி, கூட ஒரு பாட்டுத்தானே, போட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். நானும் கேட்டேன்.

“அந்த ஒரு பாட்டுலதான் சார் மாட்டிக்கறேன்” என்றார் வைத்தி.

கிளப் செயலாளர் கல்யாண் தா (‘தா’ என்றால் அண்ணன்) மேடைக்கு வருவது அந்தக் கூடுதல் பாட்டின்போதுதான். வைத்தி ஹெட்போனில் இருப்பார். தாளத்தை அவர் வைத்திருப்பது தலையில். தலை ஆடிக்கொண்டே இருக்கும். கல்யாண் தா காதருகே குனிந்து, “வைட்டி, அடுத்த சண்டே முகர்ஜி தம்பதிக்கு ஐம்பதாவது கல்யாண நாள். ஆஷ்பே தோ?” என்பார். வருவாயில்லையா? வைத்தியின் தலை ஆடும், நிமிடத்துக்கு நூற்றிருபது தடவை. கல்யாண் தா அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மேடைப்படி இறங்குவதற்குள் வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார். முந்நூறு பேர் இதயம் அனுப்புவார்கள். பிறகு எங்கே மறுப்பது?

தலையை ஆட்டாமலும் இருந்து பார்த்தாராம். இரண்டு பாட்டும் மோதி, ஆடிக்கொண்டிருந்த ஒரு மாமி கால் தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

5

மஹிமாவை முதலில் கோபக்காரியாக எழுதினேன். பொருந்தவில்லை. எட்டு மாதம் கோபமாக இருப்பதற்கு ஒருவர் வேலையில்லாமல் இருக்க வேண்டும். அவரைச் சிரிக்க விட்டதும், வைத்தி சொன்ன பேச்சு சரியாக உட்கார்ந்தது.

“நான் சரின்னு சொல்லலடி. தாளம் போட்டேன்.”

“ஓஹோ. பொண்ணு பாக்க வந்தப்போ உங்கப்பா ‘பிடிச்சிருக்கா’ன்னு கேட்டாரே, அன்னிக்கும் தாளம்தானா?”

“மஹிமா!”

“ரெண்டு காபி டம்ளர் வாங்கி வெச்சேன் வைத்தி. ஒண்ணுல இன்னும் ஸ்டிக்கர் உரிக்கல. இந்த ஞாயிறு ஏழரை வண்டியில ஏறலேன்னா அதை நான் எதிர்வீட்டுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் வான்னு கூப்பிட மாட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். அதனால்தான் வைத்தி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அவங்க விட மாட்டேங்கறாங்க, நான் என்ன பண்ண?”

“வங்காளிக்கா அனுப்பத் தெரியாது? துர்க்கையையே கொண்டாடிட்டு ஆத்துல அனுப்பிட்டு வீட்டுக்குப் போய் ஸ்வீட் சாப்பிடறவங்க. உன்னை அனுப்ப மாட்டாங்களாக்கும்?”

6

இங்கே ஆட்டோ நின்றது. வைத்தி இறங்கிப் போய்விட்டார். நம்பர் வாங்க மறந்துவிட்டேன்.

முடிவு அ: அவர் ரயிலேறினார். (எப்படி? சொல்லத் தெரியாத முடிவு முடிவல்ல.)

முடிவு ஆ: அவர் கிளப்பிலேயே கிழவராகி, ஒரு ஞாயிறு, தலை ஆடிக்கொண்டே—

(கூடாது. அந்த டம்ளருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?)

மஹிமா சொன்னதையே நாலு நாள் யோசித்தேன். பூஜையின் கடைசி நாளில் சிலையை லாரியில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். முன்னால் டாக் மேளம். வீதி முழுக்க ஆட்டம். இத்தனை வருடம் பார்த்தும் ஒன்றைக் கவனிக்கவில்லை: அங்கே மேளத்தை யாரும் நிறுத்துவதில்லை. துர்க்கை போகிறாள், மேளம் கூட்டத்தோடு திரும்பி வருகிறது. மௌனம் இல்லாததால் “ஆர் ஏக்டா” சொல்ல இடமில்லை. அதற்குப் பதில் “ஆஷ்சே போச்சோர் ஆபார் ஹோபே” என்று கத்துகிறார்கள். அடுத்த வருடம் மறுபடி நடக்கும். முன்னதற்கு உடனே பதில் வேண்டும். இதற்கு யாரும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டாம்.

தாளில் ஓட்டிப் பார்த்தேன். நாலே முக்காலுக்கு வைத்தி ஓடுகிற பாட்டுக்கு அடியில் டாக் மேளத்தின் பதிவை நுழைக்கிறார், காலுக்குத் தெரியாமல். பேஸ் மாறுகிறது. பூஜை இல்லாத பங்குனி மாதத்தில் டாக் சத்தம் கேட்டு முந்நூறு பேருக்கும் உடம்பு சிலிர்க்கிறது. மேளச் சத்தம் இப்போது கிளப்பின் தேநீர்த் தள்ளுவண்டியில் வைத்த பேட்டரி ஸ்பீக்கரில். வைத்தி தள்ளுகிறார், கூட்டம் பின்னால் வருகிறது. கல்யாண் தா இரண்டு கையிலும் ஆஷ்ட்ரேயை ஏந்திக்கொண்டு, பூஜையில் ஆடுகிற சாம்பிராணிச் சட்டி ஆட்டமாக ஆடுகிறார். கேள்வி கேட்க அவருக்கு மூச்சில்லை. புல்வெளி, சரளைப் பாதை, வாசல். அங்கே “ஆபார் ஹோபே!” என்று முந்நூறு குரல்.

அந்த ஞாயிறு அவர் என்ன செய்தாரோ, எனக்குத் தெரியாது. ரயிலில் உட்கார வைப்பதை உங்களிடம் விடுகிறேன். வழி மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் எங்காவது மாட்டிக்கொண்டிருக்கலாம்: பாட்டை நிறுத்தாதீர்கள். அதை வாசல்வரை தள்ளிக்கொண்டு போங்கள். அங்கே தள்ளுவண்டியின் கைப்பிடியை, பக்கத்தில் ஆடிக்கொண்டிருப்பவர் கையில் கொடுத்து, வண்டியை உள்ளே பார்க்கத் திருப்பிவிடுங்கள். பாட்டும் கூட்டமும் திரும்பிப் போகும். நீங்கள் டாக்ஸியில் ஏறுங்கள்.