வெள்ளையாகவே வந்த துணி

கதிரவன் எழுந்து, நகரின் மாடங்களையும் பாலத்தையும் ஆற்றுநீரையும் ஒருசேரப் பொன்னாக்கி, ஏழடுக்கு மருத்துவமனையின் சாளரந்தோறும் புகுந்து விளையாடிய அக்காலை வேளையிலும், அவ்வொளி எட்டிப்பாராத ஓரிடம் அங்கே இருந்தது. அதுவே நிலத்தடியில் அமைந்த கருவிக்கூடம். அறுவை அறைகளிலிருந்து குருதி படிந்து இறங்கிவரும் கத்தரிகளும் இடுக்கிகளும் அங்கே கழுவப்பெற்று, துணியிற் பொதியப்பெற்று, நீராவியில் வெந்து, தூயனவாய் மீண்டும் மேலேறும். மேலேறியவற்றின் பயனை யாவரும் அறிவர். அனுப்பியவரை யார் அறிவார்!

பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே பணிபுரிந்தவளை உடன்பணியாளர் ‘வெள்ளைத்துணியக்கா’ என்று கேலியாய் அழைத்தனர். கழுவிய கருவி ஒவ்வொன்றையும் விரியத் திறந்து, அதன் கீலிடுக்கில் வெள்ளைத்துணியின் நுனியை நுழைத்து இழுப்பாள். துணி வெள்ளையாகவே வந்தால்தான் பொதிவாள். விதிநூலில் இப்படியொரு வேலை இல்லை. அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது அது.

முந்தைய நாள் மாலை மருத்துவமனையின் ஆண்டுவிழா. மருத்துவர், தாதியர், சமையலர், வாயிற்காவலர், முகப்பிலுள்ள மீன்தொட்டியைத் துடைப்பவர் என அனைவரையும் மேடையேற்றி நன்றி நவின்றவர்கள், கருவிக்கூடத்தை மட்டும் மறந்தனர். மறதி எல்லார்க்கும் உள்ளதுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் மீன்தொட்டி நினைவிருந்ததே! அவளுக்கு வயிறெரிந்தது. வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தபோது, உனக்கு மட்டுமே தெரிந்த வேலைக்கு அவர்கள் எப்படி நன்றி சொல்வார்கள் என்று அவர் கேட்டுவிட்டு உறங்கிப்போனார்.

ஆதலால் மறுநாட்காலை, முதற்பொதிக்குரிய முப்பத்திரண்டு கருவிகளையும் வெள்ளைத்துணி தொடாமலே பொதிந்து, வேகவைத்து, மேலே அனுப்பிவிட்டாள். நினையாதவர்க்கு நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

தேறவில்லை. அமர்ந்தாள், எழுந்தாள், துணியை மடித்தாள், பிரித்தாள், தேநீரை எடுத்து, வாயில் வையாமலே ஆறவிட்டாள். சுடுமணலில் செருப்பின்றி நின்றாற்போல் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. முடிவில் கால்கள் அவளைக் கேளாமலே படியேறின. அறுவை அறையின் வாயிலில் இளம்பெண்ணொருத்தி தள்ளுகட்டிலில் கிடந்தாள். அருகே அவள் கணவன், அவளுடைய மூக்குக்கண்ணாடியை நழுவிவிடுமோ என்று அஞ்சினாற்போல் இரு கைகளாலும் பற்றி நின்றான். அதற்குமேல் வெள்ளைத்துணியக்காவால் தாளமுடியவில்லை.

தலைமைத் தாதியிடம் நேரே சென்றாள். “அந்தப் பொதியைத் திருப்பிக் குடுங்கம்மா. நான் சரியா பாக்கல.”

தாதியின் முகம் கறுத்தது. திறந்த பொதி மீண்டும் வெந்தாக வேண்டும். ஒரு மணி நேரம் வீணாகும். உள்ளிருந்து மருத்துவர் சீறிய சீற்றம் தாழ்வாரம்வரை கேட்டது. எனினும் பொதியைத் தாமே சுமந்து கீழிறங்கிய தாதி, அவளெதிரே கைகட்டி நின்று பார்த்தார். முப்பத்திரண்டு கீல்களிலும் துணி நுழைந்து வெளிவந்தது. முப்பத்திரண்டு முறையும் வெள்ளையாகவே வந்தது.

“ஒண்ணுமே இல்லையே. இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?”

“ஒண்ணுமில்லைன்னு இப்பத்தாம்மா தெரியும்.”

கருவிகள் மீண்டும் பொதியப்பெற்று வெந்து முடியும்வரை தாதி அங்கேயே நின்றார்.

அறுவை நலமாய் முடிந்தது. மாலையில், மேல்தளத்துப் பலகையில் அன்றைய குறிப்பு ஒட்டப்பட்டிருந்தது: ‘காலைத் தாமதம் ஒரு மணி நேரம். காரணம், கருவிக்கூடம்.’ பத்தொன்பது ஆண்டுகளில் அக்கூடத்தின் பெயர் அங்கே ஏறியது அதுவே முதன்முறை. படித்தவளுக்குச் சுருக்கென்று தைத்தது; பிறகு, அடக்கமாட்டாமல் சிரிப்பும் வந்தது. கீழே சென்று, மறுநாளைக்கு வேண்டிய வெள்ளைத்துணியைக் கிழிக்கத் தொடங்கினாள்.

அந்த மனக்குறை ஆறிற்றா என்பீராயின், இல்லை, அன்பர்களே. இன்றும் அவ்வப்போது உறுத்துகிறது. ஆயினும் அம்மருத்துவமனையின் மாடிகளில் மயக்கம் தெளிந்து கண்விழிப்போர், தம் கண்ணாடியைக் கேட்டு வாங்கி அணிந்து, உற்றார் முகம் தேடி மகிழும் ஒவ்வொரு நாளும், அவர்கள் என்றும் அறியப்போகாத ஒருத்தி, கீழே, துணியின் நுனியை விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.