கூடாரத்துக்கு வந்த விருந்தாளி

ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து திரும்பியதும் அஸ்கருக்கு யாங்கோனில் அவர் குடியிருக்கும் பசுந்தாங் பேட்டை சின்னதாகிவிட்டது. லத்தா கடைத்தெருவில் மொத்தக்கடை வைத்திருப்பவர். இதுவரை எல்லோருக்கும் அண்ணன் முறையில் ‘காக்கா’. இப்போது பர்மியப் பெரிய மனிதர்களைப் போல ‘ஊ’ என்ற மரியாதை சேர்த்து ‘ஊ அஸ்கர்’ என்றால்தான் திரும்பிப் பார்த்தார். சஃபாரி விடுதியில் கொடுத்த தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை.

ஒரு மாலை சொந்தபந்தங்களைக் கூட்டிப் பிரியாணி போட்டார். பிரியாணி அவர் மனைவி சஜிதாவின் கடையில் வெந்தது. அந்தக் கடையை மூடப்போவதாக அறிவிக்கத்தான் விருந்தே.

“சிங்கம் நடமாடுற எடத்துல தங்கிட்டு வந்தவ, இனிமே அண்டா முன்னாடி நிக்கிறதா? நம்ம அந்தஸ்து என்னாகுறது?” என்று காலையிலேயே சொல்லியிருந்தார். சஜிதா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

டிவியில் படங்கள் ஓடின. காட்டு நடுவே கூடாரம், கூடாரத்துக்குள் பளிங்குத் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் அஸ்கர். அதற்குள் கரண்ட் போனது. படம் நின்றதும் கதை வளர்ந்தது.

“ஒரு நாள் சிங்கம் கூடாரத்துக்குள்ளேயே வந்துருச்சு. இந்தா, பாசில் இருக்கிற தூரம். கண்ணுக்கு நேரா ஒரு மொறை மொறைச்சேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு.”

“அப்ப மைனி எங்கே இருந்தாங்க, காக்கா?” என்றான் தம்பி பாசில். அண்ணன் முறைத்ததும், “ஊ அஸ்கர்,” என்று திருத்திக்கொண்டான்.

“அவளைக் குளியலறையில வச்சுப் பூட்டிட்டேன். பொம்பளை பயந்துருவால்ல? அதனாலதான் சொல்றேன், நாளையிலேர்ந்து கடை...”

“பொறுங்க மச்சான்.” சஜிதா கணவரை இடைமறித்துச் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். “இவுக அங்கே கறி ஹலாலோ என்னவோன்னு வெள்ளித் தட்டுல வந்ததையெல்லாம் திருப்பி அனுப்பிட்டாக. வெறும் சோறு வாங்கி, நம்ம பலாச்சாங்கைப் பிசைஞ்சு சாப்பிட்டாக.”

காய்ந்த இறாலையும் பூண்டையும் பொரித்த அந்த வாசம் யாங்கோன் பஸ்ஸிலேயே ஆளை இடம் மாற வைக்கும்.

“கூடாரத்தைத் தொறந்து வைக்காதீங்கன்னு அந்த ஊர்க்காரங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. வாசம் போகட்டும்னு இவுக தொறந்து வச்சாக. வந்தது சிங்கமில்லே, கொரங்கு. நாய் மூஞ்சிப் பெரிய கொரங்கு. குளியலறையில போய்ப் பூட்டிக்கிட்டது ஊ அஸ்கர்.”

தன் போனை பாசிலிடம் நீட்டினாள். வெள்ளை மெத்தையில் குரங்கு, மடியில் பலாச்சாங் போத்தல். பின்னால் சாத்திய குளியலறைக் கதவு. போன் கைமாறக் கைமாறச் சிரிப்பும் கைமாறியது.

“சஜிதா, மானத்தை வாங்காதே,” என்றார் அஸ்கர் பல்லைக் கடித்துக்கொண்டு. “இதுக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம்?”

“சோத்து மூடியைத் தூக்கி அதை வெரட்டுனது இந்தக் கை. அண்டா மூடி தூக்கிப் பழகுன கை. இனிமே சும்மா மடியில கெடக்காது மச்சான். நாளைக்குக் கடை தொறக்கும், நாளன்னைக்கும் தொறக்கும்.”

“மைனி, எனக்கு ஒரு பார்சல்,” என்றான் பாசில்.

சஜிதா எழுந்து போய்க் கணவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்தாள். விளிம்பை வளைத்துப் பார்த்தாள்.

“கரி அடுப்பு விசிற நல்லாருக்கும்.”