நான்காம் மேசையின் பியூரெட்

பிராக்டிகல் பரீட்சைக்கு முன்னால் விடையைப் பிள்ளைகள் காதில் போட்டுவிடுவது அந்தப் பள்ளியில் எழுதாத சட்டம். "அளவு இருபது. முன்னப்பின்ன வந்தாலும் இருபதுன்னு எழுதிருங்க" என்று வேதியியல் டீச்சர் பொற்கொடி வருடா வருடம் சொல்வாள். பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள், எழுதிவிடுவார்கள்.

எட்டு வருடத்துக்கு முன்பு ஒருத்தி மட்டும் எழுதவில்லை. நான்காம் மேசை சத்யபிரியா. அசிட்டிக் அமிலமா ஆக்சாலிக்கா, எது வலிமை என்று கேட்டால், "ஆக்சாலிக்தான் மிஸ், அதுதான் ஹைட்ரஜனைச் சட்டுன்னு விட்டுரும்" என்று டாணென்று சொல்கிற பெண். குடுவையில் காரம், மேலே பியூரெட் என்ற அளவுக்குழாயில் ஆக்சாலிக் அமிலம். சொட்டுச் சொட்டாக விட, குடுவையின் இளஞ்சிவப்பு மறைய வேண்டும். அன்று இருபது மில்லியில் யாருக்குமே மறையவில்லை. இருந்தாலும் எல்லோரும் இருபது என்றே எழுதினார்கள்.

"மிஸ், மூணு தடவையும் இருபத்தெட்டுதான் வருது" என்றாள் சத்யபிரியா.

"ஒனக்குக் கை சரியில்லடி. இருபதுன்னு போடு."

அவள் போடவில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் மாறுது?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பொற்கொடியின் கண் அமில பாட்டிலின் லேபிளில் விழுந்தது. ஒரு மோல், நூற்று இருபத்தாறு கிராம். படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரை மறந்து, தொண்ணூறு என்று கணக்குப் போட்டுக் கரைசல் செய்திருந்தாள். லிட்டருக்கு ஆறு புள்ளி மூன்று கிராம் போட வேண்டிய இடத்தில் வெறும் நாலரை. அமிலம் குறைந்தால் கூடுதலாக ஊற்றித்தானே ஆக வேண்டும்? இருபத்தெட்டுதான் சரி.

தெரிந்தேதான் சொன்னாள்: "அவ தப்பாப் பண்ணிட்டா சார்."

மதிப்பெண் போயிற்று. வேதியியல் படிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த பெண், விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.

இந்த வருடம் பரீட்சைக்கு முந்தின மதியம், பொற்கொடி மூன்று முறை எடை பார்த்துக் கரைசல் செய்தாள். ஆறு புள்ளி மூன்று, சந்தேகமே இல்லை. மேசை மேசையாகச் சோதித்தாள். முதல் மூன்றிலும் இருபதில் நிறம் மறைந்தது. நான்காவதில் மறையவில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு என்று இறங்கிக்கொண்டே போய், இருபத்தெட்டில் மறைந்தது. பியூரெட்டை மாற்றினாள். அப்போதும் இருபத்தெட்டு. பூட்டிய அறையில், தோளுக்குப் பின்னால் யாரோ நின்று அளவைப் பார்ப்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பழைய ரெக்கார்டில் இருந்த சத்யபிரியாவின் நம்பருக்குப் போன் போட்டாள்.

"பொற்கொடி மிஸ் பேசுறேன்மா. அன்னைக்குத் தப்பு என்னோடது. இருபத்தெட்டுதான் சரி."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும் மிஸ். அந்த லேபிள நானும் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி?"

"சொன்னேனே மிஸ். மூணு தடவையும் இருபத்தெட்டுன்னு சொன்னேன்ல. பிரேக் முடிஞ்சிருச்சு, வைக்கிறேன்."

மறுநாள் காலை பிள்ளைகள் வழக்கம்போல வாசலில் மொய்த்தார்கள். "அளவு எவ்வளவு மிஸ்?"

"வர்றத எழுதுங்க" என்றாள் பொற்கொடி.

நான்காம் மேசையில் பிளெஸ்ஸி என்ற பெண் முகம் வெளிறி நின்றாள். "மிஸ், எனக்கு மட்டும் இருபத்தெட்டு வருது."

தேர்வாளர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் மாறுது?"

இந்த முறை எடையில் பொற்கொடி தவறவில்லை.

"அவ சரியாத்தான் பண்ணியிருக்கா சார். கரைசல் போட்டது நான். தப்பு என்னோடது."

பிளெஸ்ஸிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. சத்யபிரியாவுக்கு அந்த நேரம் காலை ஷிப்ட்.